ஜி.சி.எஸ்.இ. மொழிப்பாடங்களுக்கு ஆன்கி: செயலியில் குறை இல்லை, அட்டையில்தான் இருக்கிறது

இங்கிலாந்துப் பள்ளிகளில் பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் மூன்றுக்கும் ஜி.சி.எஸ்.இ. (பதினாறு வயதுவாக்கில் எழுதும் பொதுத்தேர்வு) பாடத்திட்டம் 2024 செப்டம்பரில் மாறியது. புதிய முறையில் முதல் தேர்வு 2026 கோடையில். இந்த மாற்றத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்த பெரிய வசதி, சொற்பட்டியலுக்கு எல்லை கட்டியதுதான். ஃபவுண்டேஷன் என்ற எளிய நிலைக்கு 1,200 சொற்கள், ஹையர் என்ற உயர்நிலைக்கு 1,700. அவற்றில் குறைந்தது 85 சதவீதம் அந்த மொழியில் அதிகம் புழங்கும் முதல் 2,000 சொற்களுக்குள் இருந்து எடுக்கப்பட வேண்டும் என்பது விதி. லத்தீனில் இது புதிதல்ல. ஓ.சி.ஆர். தேர்வு வாரியம் ஏற்கெனவே சுமார் 450 சொற்கள் கொண்ட பட்டியல் கொடுத்து, அதற்கு வெளியே வரும் சொல்லுக்குக் கேள்வித்தாளிலேயே பொருள் போட்டுவிடுகிறது. தேர்வறையில் அகராதி கிடையாது.

பட்டியல் இன்னதென்று தெரிந்துவிட்டால் மீதி வேலை மனப்பாடம். அந்த வேலைக்கு, கேள்வி-பதில் அட்டைகளைத் திரும்பத் திரும்பக் காட்டும் ஆன்கி செயலியைவிட நல்ல கருவி இன்றைக்கு இல்லை. ஆனாலும் மூன்று வாரம் பயன்படுத்திவிட்டு மூடி வைக்கும் பிள்ளைகள் ஏராளம். காரணம் பெரும்பாலும் நினைவாற்றல் குறைவு இல்லை, தப்பாகச் செய்த அட்டை. அதனால் இந்த மதிப்புரையில் செயலியைப் பற்றிக் கொஞ்சமாகவும் அட்டையைப் பற்றி நிறையவும் பேச வேண்டியிருக்கிறது.

ஆன்கி 2006-ல் டேமியன் எல்ம்ஸ் வெளியிட்ட திறமூல மென்பொருள். அட்டையின் முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில். பதிலைப் பார்த்தபின் எகெய்ன், ஹார்ட், குட், ஈஸி என்ற நான்கு பொத்தான்களில் ஒன்றை அழுத்த வேண்டும். சரியாகச் சொல்லச் சொல்ல அந்த அட்டை அடுத்து வரும் நாள் தள்ளிப்போகும். மறந்தால் கிட்டே வந்துவிடும். கணினிப் பதிப்பும் ஆண்ட்ராய்டு பதிப்பும் இலவசம். ஐபோன் பதிப்புக்கு மட்டும் ஒரே ஒரு தடவை காசு கட்ட வேண்டும். பெயரில் ஆன்கி என்று ஒட்டவைத்துக்கொண்டு மாதச் சந்தா கேட்கும் வேறு செயலிகளும் கடைகளில் உண்டு. ஆன்கியின் சொந்த இணையதளத்திலிருந்தே இணைப்பைப் பிடித்துப் போவது பாதுகாப்பு.

முதலில் லத்தீன். அட்டைகள் அதிகம் கெடுவது இங்கேதான்.

வழக்கமான தவறு, முன்பக்கம் ‘புயெல்லா’, பின்பக்கம் ‘கேர்ள்’ என்று எழுதி 450 சொல்லையும் முடித்துவிடுவது. அந்தப் பிள்ளையிடம் ‘ஸெர்வுஸ் புயெல்லாய் லிப்ரும் தத்’ என்ற வாக்கியத்தைக் கொடுத்துப் பாருங்கள். நான்கு சொல்லும் தெரியும், வாக்கியம் வராது. தமிழ் தெரிந்தவர்களுக்கு இது எளிது. லத்தீன் வரிசையை மாற்றாமலே படியுங்கள்: அடிமை சிறுமிக்கு நூலைத் தருகிறான். எழுவாய், நான்காம் வேற்றுமை, இரண்டாம் வேற்றுமை, கடைசியில் வினை. ஆனால் ‘புயெல்லாய்’ என்ற வடிவம் ‘சிறுமியின்’ என்றும் ஆகலாம். அப்போது அதே வாக்கியம் ‘அடிமை சிறுமியின் நூலைத் தருகிறான்’ என்று மாறிவிடும். ‘சிறுமிகள்’ என்ற எழுவாய்ப் பன்மைக்கும் அதே வடிவம்தான்; விளிப் பன்மைக்கும் அதுவே. ஆக முன்பக்கம் ‘புயெல்லாய்’ என்று மட்டும் போட்ட அட்டைக்கு நான்கு சரியான பதில்கள் இருக்கின்றன. பிள்ளை ஒன்றைச் சொல்ல, அட்டை இன்னொன்றைக் காட்ட, எகெய்னை அழுத்தி அழுத்தியே வெறுத்துப்போகும்.

வேற்றுமை உருபைத் தனிச் சொல்லில் கேட்கக் கூடாது, வாக்கியத்தில் கேட்க வேண்டும். ஆன்கியில் இதற்கு க்ளோஸ் என்ற அட்டை வகை இருக்கிறது: வாக்கியத்தில் ஒரு சொல்லை மறைத்துக் காட்டி நிரப்பச் சொல்லும். ‘இன் வில்லா’ என்றால் வீட்டில். ‘இன் வில்லம்’ என்றால் வீட்டுக்குள். இடத்தைச் சொல்வதா, போகும் திசையைச் சொல்வதா என்பதைச் சொல்லின் கடைசி அசைதான் தீர்மானிக்கிறது. ‘அங்கே நடக்கிறான்’ என்று ஒரு வாக்கியமும் ‘உள்ளே ஓடுகிறான்’ என்று ஒரு வாக்கியமும் போட்டு, இரண்டிலும் அந்தப் பெயர்ச்சொல்லை மறைத்தால் இரண்டே அட்டையில் இந்த விதி பிடிபட்டுவிடும். ஜெர்மன் படிப்பவர்களுக்கு இதே இணை இன்னொரு தடவை கைகொடுக்கும்: ‘இன் டேர் ஷூலெ’ பள்ளியில், ‘இன் டீ ஷூலெ’ பள்ளிக்கு. அங்கே சொல்லின் கடைசி மாறாமல் முன்னால் நிற்கும் ஆர்ட்டிகிள் (ஆங்கில ‘தி’ போன்ற சொல்) மாறுகிறது. லத்தீனையும் ஜெர்மனையும் சேர்த்து எடுத்த பிள்ளைக்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுங்கள். பள்ளியில் இரண்டு பாடமும் வேறு வேறு ஆசிரியரிடம் போவதால் இதை யாரும் சேர்த்துச் சொல்லித் தருவதில்லை.

அட்டையின் பொருள் பக்கம் எந்த மொழியில் இருக்கட்டும்? ஆங்கிலத்தில்தான். தேர்வில் மொழிபெயர்ப்பு ஆங்கிலத்தில் கேட்கிறார்கள். அந்தச் சொல் உடனே கைக்கு வர வேண்டும். வேற்றுமைக் குறிப்பை மட்டும் தமிழில் எழுதிக்கொள்ளலாம். அக்குசேட்டிவ் என்பதற்குப் பக்கத்தில் ‘ஐ’, டேட்டிவ் பக்கத்தில் ‘கு’, ஜெனிட்டிவ் பக்கத்தில் ‘உடைய’. அப்லேட்டிவ் மட்டும் ஒன்றுக்கு ஒன்று பொருந்தாது: லத்தீன் ஒரே உருபில் அடக்குவதைத் தமிழ் ‘ஆல்’, ‘ஓடு’, ‘இல்’, ‘இருந்து’ என்று பிரித்துச் சொல்கிறது. அதனால் அங்கே நான்கையும் எழுதி, வாக்கியம் பார்த்து ஒன்றை எடுக்கப் பழக வேண்டும். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு ‘அம்மாவுக்கு’ என்ற ஒரு சொல் டேட்டிவைப் புரியவைத்துவிடும். ஆங்கிலத்தில் விளக்கினால் அரைப் பக்கம் ஆகும்.

அடுத்து வடிவம் மாறும் சொற்கள். ‘இதெர்’ என்றால் பயணம். பட்டியலில் அப்படித்தான் இருக்கும். கேள்வித்தாளில் வருவதோ ‘இதினெரே’, ‘இதினெரிஸ்’. ‘ஃபெரோ’ என்றால் சுமக்கிறேன்; பத்தியில் வந்து நிற்பது ‘துலித்’ அல்லது ‘லாத்துஸ்’. ‘ஃபெரோ’ தெரிந்தும் ‘துலித்’ தெரியாதவர்களுக்கு அந்த வரி முழுதும் போச்சு. எனவே பெயர்ச்சொல்லுக்கு எழுவாய் வடிவமும் ஜெனிட்டிவும், வினைக்கு நான்கு முதன்மை வடிவங்களும் அட்டையில் இருந்தே ஆக வேண்டும்: ‘ரேக்ஸ், ரேகிஸ்’, ‘ஃபெரோ, ஃபெர்ரே, துலி, லாத்துஸ்’.

இதை ஆன்கி அழகாகச் செய்துதரும். கணினிப் பதிப்பில் டூல்ஸ் பட்டியலில் மேனேஜ் நோட் டைப்ஸ் போய், பேசிக் வகையை நகலெடுத்து ‘லத்தீன்’ என்று பெயர் வையுங்கள். ஃபீல்ட்ஸ் பொத்தானில் நான்கு புலங்கள்: முழு அகராதி வடிவம், ஆங்கிலப் பொருள், முரண் வடிவம், எடுத்துக்காட்டு வாக்கியம். பிறகு கார்ட்ஸ் பொத்தானில் இரண்டு அட்டை வகைகள். முதல் வகை அகராதி வடிவத்தைக் காட்டிப் பொருளைக் கேட்கும். இரண்டாவது வகையின் முன்பக்கத்தில் ‘முரண் வடிவம்’ புலத்தை மட்டும் வையுங்கள். முன்பக்கம் காலியாக வரும் அட்டையை ஆன்கி உருவாக்குவதே இல்லை. அதனால் ஒழுங்கான வினைகளுக்கு அந்தப் புலத்தை வெறுமையாக விட்டால் ஒரு அட்டைதான் பிறக்கும். ‘துலி’, ‘இதினெரிஸ்’ போன்றவற்றுக்கு மட்டும் கூடுதல் அட்டை தானாக வரும். முன்பக்கம் ‘துலி’, பின்பக்கம் ‘ஃபெரோவின் இறந்தகால வேர்’ என்ற குறிப்பும் பொருளும்.

ஆங்கிலத்திலிருந்து லத்தீனுக்குத் திருப்பும் அட்டை 450 சொல்லுக்கும் வேண்டியதில்லை. ஓ.சி.ஆர். மொழித்தாளில் 100 மதிப்பெண்ணில் 10 மட்டுமே அந்தப் பகுதிக்கு. அதிலும் இலக்கணக் கேள்வியா, மூன்று சிறு வாக்கியங்களை லத்தீனில் எழுதுவதா என்று மாணவரே தேர்ந்துகொள்ளலாம். எழுதுவதற்கென்று தனியாக ஒரு சிறிய பட்டியல் உண்டு. திருப்பு அட்டை அதற்கு மட்டும் போதும். இந்த ஒரு முடிவு லத்தீன் வேலையைக் கிட்டத்தட்டப் பாதியாக்கிவிடும்.

நவீன மொழிகளில் நிலைமை தலைகீழ். கேட்டல், பேசல், வாசித்தல், எழுதல் நான்குக்கும் தலா 25 சதவீதம். எழுதவும் பேசவும் வேண்டும் என்பதால் இரண்டு திசையிலும் அட்டை வேண்டும். 1,700 சொல் என்றால் 3,400 அட்டை.

இங்கே மீறக்கூடாத விதி ஒன்று: பெயர்ச்சொல்லை ஆர்ட்டிகிள் இல்லாமல் அட்டையில் ஏற்றாதீர்கள். ஜெர்மனில் பன்மையையும் சேர்த்தே: ‘டேர் அப்ஃபெல், டீ எப்ஃபெல்’. சொல் ஆண்பாலா பெண்பாலா என்பதை ஆர்ட்டிகிள்தான் காட்டும்; அதைப் பிறகு படித்துக்கொள்ளலாம் என்று விட்டால், பின்னால் ஒவ்வொரு சொல்லையும் இரண்டாம் முறை படிக்க நேரும். ஊகித்தும் பயனில்லை. ‘மேட்ஷென்’ என்பது சிறுமி, ஆனால் அஃறிணைபோல் ‘டாஸ்’ எடுக்கும். ஸ்பானிஷில் ஆகாரத்தில் முடியும் ‘ப்ரொப்லேமா’ ஆண்பால். ஓகாரத்தில் முடியும் ‘மானோ’ பெண்பால். உயர்திணை அஃறிணை என்று பொருளைப் பார்த்துப் பால் சொல்லிப் பழகிய தமிழ்க் காதுக்கு இது தொடக்கத்தில் உறுத்தும். அதனால்தான் சொல்லோடு ஒட்டியே மனதில் ஏற வேண்டும். ஆண்பாலுக்கு நீலம், பெண்பாலுக்குச் சிவப்பு என்று எழுத்துக்கு வண்ணம் கொடுப்பதில் தப்பில்லை, பின்பக்கத்தில் மட்டும். முன்பக்கத்தில் வண்ணம் வந்தால் அதுவே விடையைச் சொல்லிவிடும்.

வினை அட்டவணை முழுவதையும் ஒரே அட்டையில் திணிப்பது இன்னொரு பொதுவான தவறு. ஆறு வடிவத்தில் ஐந்தைச் சரியாகச் சொன்னால் குட்டா எகெய்னா? பதிலே இல்லாத கேள்வி. ஒரு அட்டை, ஒரு விடை. ஒழுங்கற்ற வினைகளில் ‘நான்’, ‘நாங்கள்’, ‘அவர்கள்’ வடிவங்களை வாக்கியத்தில் மறைத்துக் கேளுங்கள். பிரெஞ்சு இறந்தகாலத்தில் எந்த வினை எந்தத் துணைவினையை எடுக்கும் என்பதையும் அதே வழியில் கேட்கலாம்.

புதிய பாடத்திட்டத்தில் சொல்வதெழுதலும், உரக்க வாசித்தலும் வந்துவிட்டன. ஆகவே ஒலி இல்லாத அட்டை அரை அட்டைதான். அட்டை வார்ப்புருவில் குரல்வாசிப்புக்கான குறியை ஒரு வரி சேர்த்தால், சாதனத்தில் இருக்கும் செயற்கைக் குரலே வாசித்துக் காட்டும். விண்டோஸ் கணினியில் ஒலி வராவிட்டால் பழுது ஆன்கியில் இல்லை. அந்த மொழிக்கான குரலைக் கணினி அமைப்பில் போய் நிறுவ வேண்டும். சொல்வதெழுதலுக்கு முன்பக்கத்தில் ஒலி மட்டும் வைத்து, விடையைத் தட்டச்சு செய்யும் வகையைத் தேர்ந்தெடுங்கள். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, தப்பிய இடத்தைச் சிவப்பில் காட்டும். பிரெஞ்சு உச்சரிப்புக் குறி விட்டுப்போனதும், ஜெர்மன் பெயர்ச்சொல்லின் பெரிய எழுத்து விட்டுப்போனதும் அங்கேயே பிடிபடும்.

பிரெஞ்சில் ஒரு எச்சரிக்கை. ‘இல் பார்ல்’ என்று கேட்கும் ஒலி ‘அவன் பேசுகிறான்’ என்றும் இருக்கலாம், ‘அவர்கள் பேசுகிறார்கள்’ என்றும் இருக்கலாம். எழுத்தில் இரண்டும் வேறு, காதுக்கு ஒன்றே. அதை ஒலி அட்டையாக வைத்தால் பிள்ளை சரியாக எழுதியும் சிவப்பு வரும். ‘என் நண்பர்கள் பேசுகிறார்கள்’ என்று முழு வாக்கியமாகக் கொடுங்கள்; ‘மேஸாமி’ என்று கேட்டதுமே பன்மை தெரிந்துவிடும். லத்தீனுக்கு ஒலி தேவையில்லை, கேட்டல் தாள் கிடையாது. சிலர் இத்தாலியக் குரலை வைத்து லத்தீனை வாசிக்க விடுகிறார்கள். வகுப்பில் ககரமாக ஒலிக்கும் எழுத்தை அது சில இடங்களில் சகரமாக்கிவிடும். வேண்டாம்.

அட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்யாமல், விரிதாளில் நிரல்களாகப் போட்டு மொத்தமாக ஏற்றலாம். இங்கே இரண்டு பொறிகள். ஒன்று, கோப்பை யு.டி.எஃப்-8 என்ற எழுத்துக்குறியாக்க முறையில் சேமிக்காவிட்டால் குறியிட்ட எழுத்தெல்லாம் குப்பையாக வரும். இரண்டாவது கண்ணுக்கே தெரியாது. ஆன்கி முதல் புலத்தை வைத்துத்தான் ஒரு குறிப்பை (ஒரு சொல்லுக்கான புலங்களின் தொகுப்பை) அடையாளம் காண்கிறது. லத்தீனில் நூலும் ‘லிபெர்’, சுதந்திரமானவனும் ‘லிபெர்’, எழுத்தில் வேறுபாடில்லை. முதல் புலத்தில் வெறும் ‘லிபெர்’ என்று இரண்டு வரி இருந்தால், ஏற்றும்போது ஒன்று இன்னொன்றின் மேல் எழுதிவிடக்கூடும், பிழைச் செய்தி கூட வராது. ‘லிபெர், லிப்ரி’ என்றும் ‘லிபெர், லிபெரா, லிபெரும்’ என்றும் முழு வடிவத்தை எழுதினால் பிரச்சினையே எழாது. பிரெஞ்சில் ‘லு லீவ்ர்’ நூல், ‘லா லீவ்ர்’ பவுண்டு. ஆர்ட்டிகிள் இங்கேயும் காப்பாற்றுகிறது. ஏற்றி முடித்ததும் விரிதாளின் வரி எண்ணிக்கையும் ஆன்கி காட்டும் குறிப்பு எண்ணிக்கையும் ஒன்றா என்று பாருங்கள்.

யாரோ செய்து பகிர்ந்த அட்டைக்கட்டுகளை இறக்கிக்கொள்ளலாமே என்று தோன்றும். லத்தீனுக்கு அது வேறு நாட்டுப் பாடநூலின் பட்டியலாக இருக்கலாம். பிரெஞ்சுக்கு 2024-க்கு முந்தைய பட்டியலாக இருக்கலாம். தேர்வு வாரியத்தின் பட்டியலோடு ஒப்பிடாமல் தொடாதீர்கள். சொந்தமாகச் செய்யும்போதே பாதி மனதில் ஏறிவிடும் என்பதால் எங்கள் பரிந்துரை சொந்த அட்டைதான்.

அமைப்புகளில் இயல்பாக இருப்பது நாளுக்கு 20 புதிய அட்டை, அதிகபட்சம் 200 மீள்பார்வை. பள்ளிப் பிள்ளைக்கு 20 அதிகம். சில மாதம் போனால், புதிய அட்டை எண்ணிக்கையைப்போல் சுமார் ஏழு முதல் பத்து மடங்கு மீள்பார்வை தினமும் வந்து நிற்கும். நவீன மொழிக்கு 10, லத்தீனுக்கு 5 போதும். 3,400 அட்டை 340 நாளில் முடியும். லத்தீன் 450 சொல் 90 நாளில். பத்தாம் ஆண்டு தொடக்கத்தில் ஆரம்பித்தால் பதினோராம் ஆண்டுக்கு அவகாசம் மிஞ்சும். இரு திசை அட்டை வைத்தவர்கள் ‘பரி’ என்ற பகுதியில் ஒரே சொல்லிலிருந்து பிறந்த உடன்பிறப்பு அட்டைகளை மறுநாளுக்குத் தள்ளும் தேர்வைப் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஒரு திசையில் பார்த்த சொல்லே ஐந்து நிமிடத்தில் மறு திசையில் வந்து, தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டும்.

எஃப்.எஸ்.ஆர்.எஸ். என்ற புதிய இடைவெளிக் கணக்கு 23.10 பதிப்பிலிருந்து உள்ளேயே இருக்கிறது. அதைப் போட்டு, நினைவு விகிதத்தை 90 சதவீதத்திலேயே விடுங்கள். 97 ஆக்கினால் மதிப்பெண் ஏறாது, தினசரி வேலைதான் கடுமையாக ஏறும். பொத்தான்களில் கவனிக்க வேண்டியது ஹார்ட். அது ‘கஷ்டப்பட்டுச் சொல்லிவிட்டேன்’ என்பதற்கு. மறந்துபோனதற்கு ஹார்ட் அழுத்தினால் அதைத் தேர்ச்சியாகவே கணக்கில் எடுக்கும், இடைவெளி நீளும், மொத்தக் கணக்கும் கெடும். மறந்தால் எகெய்ன், வேறில்லை. கைபேசியும் கணினியும் சேர்த்துப் பயன்படுத்துபவர்கள், ஒத்திசைவின்போது ‘மேலே ஏற்றவா, கீழே இறக்கவா’ என்ற கேள்வி வந்தால் அவசரப்பட வேண்டாம். தேர்ந்தெடுக்காத பக்கம் அழிந்துவிடும்.

ஆன்கி செய்யாத வேலையும் இருக்கிறது. ஒரு பத்தியை முதலிலிருந்து கடைசிவரை படித்துப் புரிந்துகொள்ளும் திறன் அதில் வராது. பத்தி படித்தால்தான் வரும். உரையாடலும் அப்படியே. லத்தீன் இலக்கியத் தாளில் பாடப்பகுதியின் மொழிபெயர்ப்பை மனப்பாடம் செய்ய வேண்டியிருப்பதால், பலர் பத்து வரிக் கவிதையை அப்படியே ஒரு அட்டையில் போடுகிறார்கள். அது நிற்காது. மூன்று முதல் ஆறு லத்தீன் சொல் கொண்ட துண்டாக வெட்டி, நேரடி மொழிபெயர்ப்பைப் பின்பக்கத்தில் வைத்தால் ஓரளவு நிற்கும். இருந்தாலும் அந்தத் தாளில் நடையைப் பற்றியும் சொல்தேர்வைப் பற்றியும் கேட்பார்கள். அதற்கு அச்சிட்ட பாடமும் பென்சிலும்தான் வழி.

எட்டு முறை மறந்த அட்டைக்கு ஆன்கி ‘லீச்’, அதாவது அட்டை என்று குறி போடும். ரத்தம் குடிக்கும் அந்த அட்டையேதான், நேரத்தைக் குடிக்கிறது. தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது புதிய அட்டையை 0 ஆக்கிவிட்டு, ப்ரௌஸ் சாளரத்தில் இந்தக் குறியுள்ளவற்றைத் தேடி எடுங்கள். பெரும்பாலும் ஜோடி ஜோடியாக இருக்கும்: ‘ஔதியோ’ கேட்கிறேன், ‘ஔதெயோ’ துணிகிறேன். ஒன்றைப் பார்க்கும்போதெல்லாம் மற்றது குறுக்கே வருவதால்தான் இரண்டும் நிற்பதில்லை. இரண்டையும் நிறுத்திவைத்துவிட்டு, ஒரு வாக்கியத்தில் இரண்டும் வரும்படி புதிதாக ஒரே அட்டை செய்யுங்கள்: ‘கேட்கிறேன், ஆனால் பதில் சொல்லத் துணியவில்லை’.